கட்டாயப் பாடங்களின் பட்டியல்

என் வேலையைப் பறிக்கப்போகிற பட்டியலை என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எங்கள் பிரின்சிப்பல் யாரையும் வேண்டுமென்று வருத்திப் பார்க்கிற மனிதர் அல்ல. ஆசிரியர்களில் வாசிக்கக்கூடியதாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுகிற வேலை எப்போதும் என் தலையில் விழும்.

அது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முந்தி. யாழ்ப்பாணப் பக்கத்து நெல்லியடிச் சந்தியிலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்த சின்ன ஆங்கிலக் கல்லூரி ஒன்றில் நான் லத்தீன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்பது பெயருக்குத்தான். ஓடு போட்ட ஒரு நீள மண்டபம், கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்கள், ஒரு கிணறு, பந்தடிக்க ஒரு வெளி. மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடங்கள் நான்கு: ஆங்கிலம், கணிதம், லத்தீன், சமயம். தமிழ் விரும்பியவன் படிக்கலாம். விஞ்ஞானம் என்று ஒன்று இருப்பதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தார்கள்.

புதிதாக வந்த பிரின்சிப்பலுக்கு இது பொறுக்கவில்லை. சென்னையில் படித்துவிட்டு வந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் மலேரியாவில் ஆள் செத்துக்கொண்டிருக்க, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் எப்போதோ செத்துப்போன ஒரு பாஷையை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், உங்களைச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். என்னைச் சொல்லாமல் வேறு யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் லத்தீன் தெரிந்த ஆள் நான் மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்து என்னைத் தன் அறைக்கு அழைத்து, ஒரு தாளை எடுக்கச் சொன்னார். தமிழும் பொது விஞ்ஞானமும் இனிக் கட்டாயப் பாடங்கள். லத்தீன் விரும்பினால் படிக்கிற பாடம். நிர்வாகக் குழு ஒத்துக்கொண்டால் சித்திரை விடுமுறைக்குப் பிறகு புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். நான் எழுதி முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஒளிக்காமல் சொல்லுறன், மாஸ்ரர். லத்தீன் கட்டாயமில்லை எண்டால் முழுநேர லத்தீன் மாஸ்ரர் ஒருத்தரை வைச்சிருக்கேலாது. அதுக்காக இதைச் செய்யாமல் விடவும் என்னாலை ஏலாது.”

நேர்மையான மனிதர். அந்த நேர்மை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எனக்குச் சில நாள் நித்திரையாவது கிடைத்திருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவிக்கு ஏழு மாதம். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு கோப்பாயில் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டேன். வார நாட்களில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருப்பேன். வார முடிவில் சைக்கிளில் கோப்பாய்க்குப் போவேன். மாமி என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் என் பெயரைச் சொல்லமாட்டா. “எங்கடை மருமகன், கொலிச்சிலை லத்தீன் மாஸ்ரர்” என்றுதான் சொல்லுவா. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்குக்கூட நான் லத்தீன் மாஸ்ரர். அந்தச் சொல்லுக்காகத்தான் எனக்குப் பெண் தந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்தச் சொல் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார் என்று யோசிக்கத் தொடங்கினால் சோறு இறங்காது.

மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் அவளைக் கலக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் மாமியிடம் சொல்லிவிடுவாள் என்று பயம். நான் பொதுவாகவே பயந்த சுபாவம். தபாற்காரன் படலையடியில் சைக்கிள் மணி அடித்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைக்கிற ஆள். அந்த மாசி மாதம் முழுவதும் எனக்கு அதே பயம்தான். வகுப்பில் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட, பின்னால் பிள்ளைகள் என் விஷயத்தைத்தான் குசுகுசுக்கிறார்கள் என்று தோன்றும். சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். அவர்கள் பாட்டுக்கு ஈ பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். பிரின்சிப்பல் ஒருவர். மனேச்சர் ஒருவர், பருத்தித்துறைக் கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி. மூத்த கணித ஆசிரியர் ஒருவர், தமிழ்ப் பண்டிதர் ஒருவர். ஐந்தாமவர் கல்லூரி நிற்கிற நிலத்தைத் தருமமாகக் கொடுத்த புகையிலைத் தோட்டக்காரர். அவரைக் காணிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார், சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் இருப்பார், கடைசிவரை வாய் திறக்கமாட்டார். நான் குறிப்பு மட்டும் எழுதலாம். எனக்கு வாக்கு இல்லை.

முதல் கூட்டத்தில் பிறக்கிராசியார் எரிந்து விழுந்தார். சட்டப் புத்தகத்தில் பாதி லத்தீன் என்றார். லத்தீன் இல்லாத இடத்தைக் கல்லூரி என்று எவன் சொல்லுவான், பிள்ளைகள் எல்லாரும் பக்கத்துக் கல்லூரிக்கு ஓடிவிடுவார்கள் என்றார். கணித ஆசிரியர் தலையாட்டினார். பழையது எதுவானாலும் அவருக்குச் சரிதான். பண்டிதர் எழுந்து, மேல் வகுப்புப் பொடியன் ஒருவன் தாய்க்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார். நாலு வரியில் பதினோரு பிழை. பெற்ற தாய்க்கு நாலு வரி எழுதத் தெரியாதவனுக்கு ரோமாபுரி எதற்கு என்று கேட்டார். பிரின்சிப்பலின் பக்கம் எது என்பது தெரிந்ததே. ஆக இரண்டுக்கு இரண்டு. நாலு பேரும் கடைசிக் கதிரையைப் பார்த்தார்கள். காணிக்காரர் சால்வையை ஒரு மடிப்பு மாற்றி மடித்தார்.

“இது பிள்ளையளின்ரை விஷயம். ஒருக்கால் யோசிச்சுச் சொல்லுறன்.”

இரண்டாம் கூட்டத்திலும் அதையே சொன்னார். நான் அந்த வசனத்தை இரண்டு தரமும் குறிப்பில் எழுதினேன். அவர் எந்தப் பக்கம் போவார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பண்டிதருக்கும் அவருக்கும் ஒரே வேலி. கோயிலில் பண்டிதர் புராணத்துக்குப் பயன் விரித்துப் பொருள் சொன்னால் காணிக்காரர் முன்னுக்கு இருந்து கேட்பார். தோட்டக்காரன் தமிழை விட்டுவிட்டு லத்தீனைத் தூக்கிப் பிடிப்பானா? எனக்கும் சந்தேகம் இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பிறகு யாராவது கண்டுவிடுவார்கள் என்று அழித்தேன்.

மூன்றாவது கூட்டத்தில் முடிவெடுப்பதென்று பிரின்சிப்பல் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி. மற்ற மூன்று பேருக்கும் ஆங்கிலத்தில் அறிவித்தல் போனது. காணிக்காரருக்கு அப்படி அனுப்புவதில்லை. காணி தந்த மனிதரைத் தாள் அனுப்பிக் கூப்பிடுவது மரியாதையில்லை, ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். போகிற ஆளும் நான்தான்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். கிணற்றில் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் வாய்க்காலை வெட்டி மறித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, கொட்டிலுக்கு வந்து, வாங்கில் இருக்கச் சொன்னார். கூட்டம் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி அது சஷ்டியன்றைக்கா என்பது.

“இந்தக் கிழமை சஷ்டி வருது, மாஸ்ரர். சஷ்டி அண்டைக்கு நான் வெளிக்கிடுறேல்லை. விரதம், கோயிலோடை இருந்திடுவன்.”

மாமியும் மாதம் தவறாமல் சஷ்டி பிடிக்கிறவ. இந்த மாதம் வெள்ளிக்கிழமை என்று போன கிழமையே சொல்லி வைத்திருந்தா. ஆகவே யோசிக்காமல் பதில் சொன்னேன்.

“சஷ்டிக்கு அடுத்த நாள்தான் ஐயா. காலமை பத்து மணிக்கு.”

“அப்ப சரி. வாறன்.”

இளநீர் ஒன்று வெட்டித் தந்தார். குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது. பத்தரை வரை பார்த்தோம். அவருக்குச் சொன்னீரா என்று பிரின்சிப்பல் என்னைக் கேட்டார். சொன்னேன், வருவதாகத்தான் சொன்னார் என்றேன். இப்படித்தான், தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு வந்தால் இவர்களுக்குக் கூட்டமும் இல்லை கொண்டாட்டமும் இல்லை என்று பிறக்கிராசியார் மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னேரம் யாழ்ப்பாணத்தில் வேலை இருந்தது. இன்னும் ஒரு மாதம் இதை இழுக்க முடியாது, இருக்கிறவர்களை வைத்து முடிப்போம் என்றார். பிரின்சிப்பல் அரைமனதோடு வாக்குக் கேட்டார். இரண்டுக்கு இரண்டு. சமன் என்றால் பழையது பழையபடி இருக்கும் என்பது குழுவின் விதி. லத்தீன் கட்டாயப் பாடமாகவே தொடரும் என்று குறிப்பில் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோணலாக நான் ஒன்றும் எழுதியதில்லை.

பிரின்சிப்பல் கடதாசிகளை அடுக்கிக்கொண்டு போனார். அவருடைய முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்குள் ஏறிய சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. சந்தியில் அரை இறாத்தல் பிஸ்கற் வாங்கிச் சைக்கிளில் கட்டினேன். வல்லை வெளியில் வாடைக்காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. மிதிக்காமலே போகிறேன் என்று தோன்றியது. பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட இருந்தபோது, மனைவி கத்தரிக்காய்க் குழம்பை வார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதை ஒன்று சொன்னாள். கொஞ்சம் குழம்பு கொடுத்துவிடுவோம் என்று போனாளாம், அங்கே அடுப்பே மூட்டவில்லையாம்.

“அவையளுக்கு இண்டைக்குத்தானே சஷ்டி. எனக்கு நினைவில்லாமல் போச்சு.”

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. இரண்டுக்கும் கணக்கு வேறு. பல மாதங்களில் இரண்டும் ஒத்துப்போகும். சில மாதங்களில் ஒன்றில் இன்று விழுகிற திதி மற்றதில் நாளை விழும். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் விரதம், அந்தப் பக்கம் மீன் குழம்பு. இது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மாமி வாக்கியக்காரி. பக்கத்து வீடு திருக்கணிதம். காணிக்காரர் எது என்று இப்போது எனக்குச் சொல்ல ஆள் தேவையில்லை. அவர் இன்றைக்கு விரதம். நாளை ஞாயிற்றுக்கிழமை சால்வையைப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குப் பூட்டிய கல்லூரிக்கு வரப்போகிறார்.

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். உடனே சைக்கிளை எடுத்தால் பொழுதுபடுவதற்கு முன் போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நடக்கும்? நியாயமான மனிதர், தன்னை விட்டுவிட்டு எடுத்த முடிவு செல்லாது என்பார். திரும்பவும் கூட்டம், திரும்பவும் வாக்கு, மூன்றுக்கு இரண்டு. சொல்லாமல் விட்டால்? நாளைக்கு வந்து பார்ப்பார், ஆளில்லை என்று திரும்பிப் போவார், திங்கட்கிழமை கேட்பார். பஞ்சாங்கம் மாறிவிட்டது ஐயா என்று கையைப் பிசையலாம். அதற்குள் முடிவு குறிப்பில் ஏறி, ஆறிப்போயிருக்கும். பிழை என்னுடையதல்ல, பஞ்சாங்கத்தினுடையது. இதை நான் அன்று பின்னேரம் முழுவதும் கிணற்றடியிலும் கோடிப்புறத்திலும் நடந்து நடந்து எனக்குச் சொல்லிப் பார்த்தேன். என்ன, பிஸ்கற்றையும் தின்னாமல் இப்படி நடக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கால் கடுக்கிறது என்றேன். கால் கடுத்தால் யாராவது நடப்பார்களா என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்து வெளியில் விட்டேன். எட்டரைக்குத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தேன். ஒன்பது மணிக்கு, அவர் இப்போது குளித்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு, இப்போது நடக்கத் தொடங்கியிருப்பார். அறுபது வயது மனிதர், வெறுங்காலோடு, ஒன்றரை மைல். பத்துக்கு என்னால் இருக்க முடியவில்லை. அவசரமாகப் பிரின்சிப்பலைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

நேற்றுத் தள்ளிக்கொண்டு வந்த அதே வாடைக்காற்று இன்றைக்கு நெஞ்சில் அடித்தது. வல்லை வெளியில் இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். கண்ணுக்குள் மணல். இந்தக் காற்றைச் சாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்தில் நின்றேன். நெல்லியடிச் சந்தி தாண்டியபோது பன்னிரண்டரை இருக்கும். கல்லூரி ஒழுங்கையில் அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். வெயிலுக்குச் சால்வையைத் தலையில் போட்டிருந்தார். பத்துக்கு வந்து பன்னிரண்டு தாண்டும்வரை படிக்கட்டில் இருந்திருக்கிறார்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றுக் கூட்டம் நடந்தது, எங்கள் வீட்டில் வாக்கியம், வாக்கு சமனாய்ப் போனது, லத்தீன் கட்டாயமாக நிற்கிறது. லத்தீன் போனால் என் வேலை போகும் என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சால்வையைத் தலையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இந்த ரண்டு பஞ்சாங்கமும் எங்களை ஒரு நாளும் ஒண்டாய் விரதம் இருக்க விடாது. நீங்கள் இந்த வெயிலுக்கை வந்தது பெரிய காரியம். பிரின்சிப்பலிட்டைச் சொல்லுங்கோ, திரும்பக் கூட்டட்டும்.”

வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் மோர் தந்தார். அவர் எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஒரு கெஞ்சல் ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை பிரின்சிப்பலிடம் சொன்னேன். கிழமையைச் சொல்ல மறந்து சஷ்டிக்கு மறுநாள் என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் அவர் வரவில்லை என்றேன். கையிலிருந்த பேனையை மூடி வைத்தார்.

“இதை நீர் சொல்லாமலும் விட்டிருக்கலாம், மாஸ்ரர்.”

அந்தக் குரலில் இருந்த மரியாதை என்னைச் சுட்டது. அந்த வாரம் முழுவதும் அவர் என்னைக் கண்டால் நின்று இரண்டு சொல் கதைத்துவிட்டுத்தான் போவார். பண்டிதரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படியொரு மனிதனா என்றார். புகழைக் கேட்க மாட்டாமல் ஆசிரியர் அறைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். இந்த முறை காணிக்காரருக்குத் தேதி, கிழமை, மணி மூன்றையும் தமிழில் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாயாலும் இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். யாரும் புதிதாக ஒன்றும் பேசவில்லை. பிரின்சிப்பல் வாக்குக் கேட்டபோது நாலு கை பழையபடி இரண்டு இரண்டாகப் பிரிந்தது. காணிக்காரர் கையை உயர்த்தவில்லை. எழுந்து நின்றார்.

“லத்தீன் விரும்பினவன் படிக்கட்டும். எல்லாரையும் பிடிச்சு வைச்சுப் படிப்பிக்கத் தேவையில்லை.”

அவ்வளவுதான். மூன்றுக்கு இரண்டு. புதிய பட்டியலை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: ஆங்கிலம், கணிதம், தமிழ், பொது விஞ்ஞானம், சமயம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கைக்கு இனிப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை போலிருக்கிறது. எல்லாரும் கலைந்தபிறகு விறாந்தையில் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். காணிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தது லத்தீன் இருக்கட்டும் எண்டு சொல்லத்தான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். பட்டினத்துக் கல்லூரிகளில் இருக்கிற பாடம் நம்முடைய பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும் என்று அவர் யோசித்தாராம். தோட்டக்காரன் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று யாரோ எங்கேயோ முடிவு கட்டுகிறார்கள் என்று அவருக்கு ஒரு பயம். பண்டிதரிடம்கூட அதைச் சொல்லவில்லை. அந்த எண்ணத்தோடுதான் அன்றைக்கு வந்து படிக்கட்டில் இருந்தார். ஆளைக் காணவில்லை. வெளியில் மேல் வகுப்புப் பொடியன்கள் மூன்று பேர் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போகவில்லை என்று அவர்களைக் கூப்பிட்டு, லத்தீனில் கொஞ்சம் சொல்லிக் காட்டச் சொன்னார். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அழகாகச் சொன்னார்களாம். கேட்கத் தேவாரம் மாதிரி இருந்ததாம். அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். ஒருவனுக்கும் தெரியவில்லை. எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

“கருத்துத் தேவையில்லை, பாடமாக்கினால் காணும் எண்டு மாஸ்ரர் சொன்னவராம். பிழையாய் நினையாதேங்கோ. ரண்டு மணித்தியாலம் அந்தப் படியிலை இருந்து அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

பிழையாய் நினைக்க என்ன இருக்கிறது? அது நான் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் சொல்லுகிற வசனம். எனக்கு லத்தீன் படிப்பித்தவர் எனக்குச் சொன்ன வசனமும் அதுதான். சோதினைக்கு அது போதுமாக இருந்தது, வேலைக்குப் போதுமாக இருந்தது, கல்யாணத்துக்கும் போதுமாக இருந்தது. காணிக்காரர் என் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அவமானம்தான் இருந்தது.

அன்று கோப்பாய்க்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தா. மனைவி விறாந்தையில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பழைய சேலையைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். சித்திரையோடு முழுநேர வேலை முடிகிறது, விரும்பிப் படிக்கிறவன் நாலு பேர் இருந்தால் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தருவார்கள் என்றேன். அவள் அழுவாள் என்று பயந்து பயந்து அவ்வளவு நாளும் மறைத்தேன். அவள் அழவில்லை. வேறு பள்ளிக்கூடம் கிடைக்காமலா போகும், சின்ன வகுப்புக்கு இங்கிலிஷ் படிப்பிக்கலாம்தானே என்றாள். பின்னால் நடந்ததும் அதுதான். பிள்ளைக்கு ஐந்து மாதமான பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக் கிடைத்தது. மாமிதான் அதன் பிறகு என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை.

துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அதை மடியில் வைத்தாள்.

“அவர் முதல் சனிக்கிழமையே வந்திருந்தால்?”

“லத்தீன் இருந்திருக்கும்.”

“வேலையும் இருந்திருக்கும்.”

“ஓம்.”

“நீங்கள் அவரிட்டைச் சனிக்கிழமை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையோ?”

மறந்துபோனேன் என்றேன். பிரின்சிப்பலுக்கும் அதைத்தான் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள். எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தால் ஆள் மாறி நாள் மாறி வருவது வருஷத்தில் நாலைந்து முறை நடக்கிற காரியம். யாருக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

நான் மறக்கவில்லை. அந்தப் புதன்கிழமை இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொட்டிலின் கப்புத் தூணில் பஞ்சாங்கம் தொங்குவதைக் கண்டேன். அது மாமியின் பஞ்சாங்கம் அல்ல என்பதையும் கண்டேன். தோட்டத்து ஒழுங்கை முகப்பில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றேன். இந்த மாதம் இரண்டிலும் சஷ்டி ஒரே நாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்ச் சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். நூறு யார் தூரமும் இருக்காது, துலாவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வந்தால் எனக்கு எதிராகத்தான் வாக்குப் போடுவார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். காலை எடுத்துப் பெடலில் வைத்து மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.